ஒரு சுற்று வந்தால் காடு

“முப்பது வருடமாக ஒரே கேமைத்தான் பெயர் மாற்றி விற்கிறார்கள், மாமா” என்றான் அக்கா மகன். போன சித்திரையில், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சு இது. என் கையில் டிராகன் குவெஸ்ட் 11 என்ற ஜப்பானிய வீடியோ கேம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் என் ஆட்கள் நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். எதிரே மூன்று அரக்கர்கள் வரிசையாக நின்றார்கள். நான் கட்டளை கொடுத்ததும் ஒருவன் போய் ஓர் அடி அடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான். பிறகு அரக்கன் வந்து அடித்துவிட்டுப் போனான். “ஒருவன் அடிக்கிற வரைக்கும் மற்றவன் ஏன் சும்மா நிற்கிறான்?” என்று கேட்டான். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன்; ஸ்கைரிம், விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3 என்று மேற்கத்திய கேம்கள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவன். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான்.

எனக்குப் பதில் வரவில்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. அவன் சொன்ன அதே வார்த்தைகளை 2011 கடைசியில், ஓசூரில் நான்கு பேர் தங்கியிருந்த ஒரு வாடகை அறையில், நானே சொல்லியிருக்கிறேன். ஜப்பான் ரோல் பிளேயிங் கேம்களின் (ஒரு பாத்திரமாக இருந்து கதையை நடத்திப் போகும் கேம்கள்) காலம் முடிந்துவிட்டது, அவை ஊசிப்போய்விட்டன, இனி மேற்கத்தியர்கள்தான் என்று மணிக்கணக்காக வாதாடியிருக்கிறேன். அந்தக் கருத்தை எப்போது கைவிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் கைவிட்டதாக நினைவில்லை. ஆனாலும் கையில் டிராகன் குவெஸ்ட் இருந்தது, மனதில் நிறைவும் இருந்தது. இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்ற கேள்வி பல வாரங்கள் என்னை விடவில்லை.

அகராதியை மடியில் வைத்து ஆடிய நாட்கள்

நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். பிளஸ் ஒன் விடுமுறையில், பெங்களூருவில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகன் ஃபைனல் ஃபேன்டஸி 7 கேமின் கணினிப் பதிப்பைக் கொண்டுவந்தார். 1997ல் ஜப்பானில் வெளிவந்த கேம் அது. அதில் யாரும் வாய்திறந்து பேசுவதில்லை, எல்லாமே எழுத்துதான். நமக்கு அது பெரிய வரம். நாம் பொத்தானை அழுத்தும் வரை அந்த வரி காத்திருக்கும். ஆங்கிலம் தமிழ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வரிக்கு மூன்று சொல் தேடி, அந்தக் கோடை முழுவதும் படித்தேன். ஆடினேன் என்பதைவிடப் படித்தேன் என்பதே சரி. முதல் குறுந்தகடு முடியும் இடத்தில், நாயகனின் தோழி ஏரிஸ் கொல்லப்படுகிறாள். (இப்போது ஏரித் என்று எழுதுகிறார்கள், அந்தப் பழைய ஆங்கிலப் பதிப்பில் ஏரிஸ்தான்.) நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். முன்பு சேமித்து வைத்த இடத்துக்குப் போய் மறுபடி ஆடினேன். மறுபடியும் இறந்தாள். வேறு ஆயுதம், வேறு வழி, எதை மாற்றினாலும் அவள் இறந்தே தீருவாள் என்று புரிந்த மத்தியானம் இன்னும் நினைவிருக்கிறது. வெளியே புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் சாப்பிடாமல் படுத்திருந்தேன்.

அப்படிப்பட்டவன்தான் 2010 மார்ச்சில் ஆங்கிலத்தில் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 13 கேமை முதல் சம்பளக் காசில் வாங்கினேன். பதின்மூன்று அத்தியாயங்களில் முதல் பத்தும் ஏறக்குறைய ஒரு நீண்ட நடைபாதை. நடக்க வேண்டும், சண்டை போட வேண்டும், படம் பார்க்க வேண்டும், மறுபடி நடக்க வேண்டும். போய்த் தங்க ஓர் ஊர் இல்லை, நின்று பேச ஒரு கிழவி இல்லை. பதினோராம் அத்தியாயத்தில்தான் பெரிய சமவெளி ஒன்று திறக்கிறது. அதற்கு முன்பே நான் நிறுத்திவிட்டேன். அதற்கு முந்தைய ஆண்டு டோக்கியோ கேம் ஷோவில், கேப்காம் நிறுவனத்தின் கெய்ஜி இனாஃபுனே ஜப்பானிய கேம் துறை முடிந்துவிட்டது என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அவர்களே சொல்லும்போது நான் ஏன் நம்பக் கூடாது? 2011 நவம்பரில் ஸ்கைரிம் வந்தது. தூரத்தில் தெரிகிற மலைக்கு நடந்தே போகலாம். போனேன். பனி பெய்கிற இரவில், யாரும் போகச் சொல்லாத ஒரு மலையுச்சியில் நின்றபோது கிடைத்த விடுதலை உணர்வைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது உண்மையான இன்பம். விட்சர் 3 இன்னொரு படி மேலே போனது. மனைவியையும் மகளையும் இழந்து குடித்துக் கிடக்கும் அந்தப் பிரபுவின் கதையில், நான் நல்லது என்று நினைத்துச் செய்தது கெட்டதாய் முடிந்தபோது, ஒரு நாவல் என் கையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது.

ஆகவே அக்கா மகனின் கட்சி எனக்கு அந்நியமானதில்லை. அதில் நான் பத்து வருடம் உறுப்பினராக இருந்திருக்கிறேன்.

சபையில் ஒரு சுற்று

இந்த வருடம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்களுக்கு இதைப்பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. திண்ணைப் பேச்சு நடந்த அதே வாரம், சூதாட்டமும் துகிலுரிதலும் முடிந்து பாண்டவர்கள் வனவாசம் போகும் இரவு. அக்கா மகனும் பாயை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தான். அத்தை எங்களுக்கு முன்பே போய் ஆர்மோனியக்காரர் பக்கமாக இடம் பிடித்திருந்தார்.

நள்ளிரவு தாண்டியிருக்கும். எல்லாம் இழந்த ஐந்து பேரும் திரௌபதியும் சபையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். சலங்கை ஒலிக்க, முகவீணை இழைய, ஒரே ஒரு சுற்று. “காடு வந்து சேர்ந்தோம்” என்றார் தருமர் வேடக்காரர். காடு வந்துவிட்டது. அதே மண் தரை, அதே விளக்கு, அதே மரப் பெஞ்சு. முன்வரிசைப் பிள்ளைகள் உட்பட ஒருவரும் எங்கே காடு என்று கேட்கவில்லை. நான் திரும்பி அக்கா மகனைப் பார்த்தேன். கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் கேட்கவில்லை.

சில நாட்கள் கழித்துக் கர்ண மோட்சம். கர்ணனும் அர்ச்சுனனும் எதிரெதிரே நின்று தர்க்கம் செய்தார்கள். கர்ணன் ஒரு பாட்டு பாடி, அடவு வைத்து, அம்பைக் காட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான். அதுவரை அர்ச்சுனன் நின்றுகொண்டிருந்தான். பிறகு அர்ச்சுனன் முறை. அவன் பாடி முடிக்கும் வரை கர்ணன் நின்றான். என் உடம்பில் ஏதோ ஓடியது. திண்ணையில் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் கண்முன்னால் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு நின்றது. ஒருவன் அடிக்கிற வரைக்கும் மற்றவன் சும்மா நிற்கவில்லை. அடுத்தவன் முறைக்கு இடம் விட்டு நிற்கிறான். பார்க்கிறவர்களும் அதை ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். இதற்கு மரபு என்று பெயர். உண்மைச் சண்டை இப்படி நடக்காது என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். உண்மைச் சண்டையைப் பார்க்க அங்கே யாரும் வரவில்லை.

அந்த இரவுக்குப் பிறகுதான் ஜப்பான் கேம்களின் வரலாற்றை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். அதன் தொடக்கமே கடன் வாங்கியது. 1981ல் அமெரிக்காவில் வெளிவந்த விசார்ட்ரி, அல்டிமா என்ற இரண்டு கணினி கேம்களில் மனம் பறிகொடுத்த யூஜி ஹோரி, அவற்றைச் சின்னப் பிள்ளைகளுக்கும் புரியும்படி எளிமையாக்கி 1986ல் டிராகன் குவெஸ்ட் செய்தார். அகிரா தோரியாமா ஓவியம், கொய்ச்சி சுகியாமா இசை. அடுத்த ஆண்டே ஹிரோனோபு சகாகுச்சியின் ஃபைனல் ஃபேன்டஸி. முறை வைத்து அடிக்கிற சண்டை அந்த அமெரிக்க கேம்களிலேயே இருந்ததுதான். ஆனால் சிறிய இயந்திரத்தில் ஓர் உலகத்தையே காட்ட வேண்டிய கட்டாயத்தில், ஜப்பான்காரர்கள் பலவகை மரபுகளை ஊன்றி வளர்த்தார்கள். உலக வரைபடத்தில் நம் நாயகன் ஊர் அளவுக்குப் பெரிதாக நிற்பான். பத்தடி வைத்தால் பாலைவனம் தாண்டிவிடும். சபையில் ஒரு சுற்று வந்தால் காடு வருவதும் இதுவும் ஒன்றே. ஃபைனல் ஃபேன்டஸி 7 ஆடிய கோடையில் அந்தச் சின்ன வரைபடத்தைப் பார்த்து ‘இவ்வளவுதானா உலகம்’ என்று நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அது எனக்கு மிகப் பெரிய உலகம்.

பிறகு இயந்திரங்கள் வலுத்தன. தலைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் படம் தெளிந்தது. அப்படித் தெளிந்த முகத்தோடு ஒருவன் ஊர் அளவுக்குப் பெரிதாக வரைபடத்தில் நடக்க முடியாது, கண் ஒப்பாது. சரி, உலகத்தையே நிஜ அளவில் கட்டுவதென்றால் அதற்கான செலவும் உழைப்பும் மலைபோல் ஏறுகின்றன. அப்படி மாட்டிக்கொண்ட இடத்தில் பிறந்த குழந்தையாகத்தான் ஃபைனல் ஃபேன்டஸி 13 எனக்கு இப்போது தெரிகிறது. அந்த அழகான நடைபாதையில் சலிப்பூட்டும் அளவுக்கு எதுவும் திரும்பத் திரும்ப வரவில்லை. ஊர், கிழவி, வரைபடம், அலைந்து திரிதல் என்று திரும்பி வர வேண்டியவை எல்லாம் அதில் விடுபட்டுப் போயிருந்தன. திரையும் இல்லை, கட்டியங்காரனும் இல்லை, சுற்றி வருவதற்குச் சபையும் இல்லை. கிரீடம் மட்டும் தங்கத்தில் செய்து வைத்திருந்தார்கள். நான் 2011ல் சொன்னது இந்த இடத்தில்தான் பிழைபட்டது. ஒன்றையே திரும்பச் செய்து ஊசிப்போனார்கள் என்றேன். உண்மையில், தாங்கள் செய்வதைப் பற்றி அவர்களுக்கே கூச்சம் வந்துவிட்டிருந்தது.

அந்தக் கூச்சம் தானாக வந்ததும் இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி 16 கேமின் தயாரிப்பாளர் நவோகி யோஷிதா 2023ல் ஒரு பேட்டியில், ‘ஜே.ஆர்.பி.ஜி.’ (ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்) என்ற பெயரே தொடக்கத்தில் தங்களில் சிலருக்கு இழிவுபடுத்துவதாகத் தோன்றியது என்ற பொருளில் பேசினார். தெருக்கூத்து என்ற சொல்லைச் சிலர் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அவர் வலி உடனே புரிந்தது.

கூச்சப்படாதவர்களைப் பாருங்கள். டிராகன் குவெஸ்ட் 11 2017ல் வந்தது. லெவல் ஏறும்போது ஒலிக்கும் அந்தச் சிறு இசை 1986லிருந்து வருவதுதான். பெர்சோனா 5, மெனுவைக்கூட ஓர் ஆட்டமாக மாற்றிவிட்டது. கட்டளை தேர்ந்தெடுக்கிற ஒவ்வொரு முறையும் அடவு வைத்ததுபோல் இருக்கும். யாகுசா வரிசையில் அதுவரை நேரடிக் கைகலப்புதான் இருந்தது. 2020ல் வந்த லைக் எ டிராகன் முறை வைத்த சண்டைக்கு மாறியது. அதன் நாயகன் நாற்பது வயது தாண்டியவன், பதினெட்டு வருடம் சிறையில் இருந்தவன், சின்ன வயதில் டிராகன் குவெஸ்ட் ஆடி வளர்ந்தவன். அதனால் தெருச்சண்டைகூட அவன் கற்பனையில் அப்படித்தான் நடக்கிறது. இதைவிட அன்பாக ஒரு மரபுக்குக் கைகூப்ப முடியுமா?

அவன் சொன்ன மறுப்பு

இதையெல்லாம் கர்ண மோட்சம் முடிந்த விடியற்காலையில், டீக்கடை பெஞ்சில் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: “கர்ணனை யாராலும் மாற்ற முடியாது, மாமா. அது பாரதம். ஆனால் கேம் போன வருடம் ஒருவர் உட்கார்ந்து எழுதியது. எனக்கு ஒரு வழி விட்டு எழுதியிருக்கலாமே. கையில் கண்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, கதையில் மட்டும் கையைக் கட்டிப்போட்டால் எப்படி?”

நல்ல கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இன்னும் இல்லை. மேற்கத்திய கேம்கள் நம்மைப் பார்த்து ‘நீ யாராக இருக்கப் போகிறாய்’ என்று கேட்கின்றன. பால்டர்ஸ் கேட் 3 அந்தக் கேள்வியை எவ்வளவு ஆழமாகக் கேட்கிறது என்பதை நானும் அனுபவித்திருக்கிறேன். (அதுவும் முறை வைத்து அடிக்கிற சண்டைதான், பெல்ஜியத்தில் செய்தார்கள் என்பதால் யாரும் அதைப் பழைய சரக்கு என்று சொல்லவில்லை. இதை மட்டும் அவனிடம் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.) ஆனால் எல்லா வழியும் திறந்திருக்கிறது என்ற வாக்குறுதியும் ஒரு மரபுதான், நிஜமல்ல. மாஸ் எஃபெக்ட் என்ற மேற்கத்திய கேமின் மூன்று பாகங்களிலும் நாம் எடுத்த முடிவுகள் 2012ல் கடைசிக் காட்சியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து முட்டியபோது ஆடியவர்கள் கொதித்தார்கள். சில மாதங்களில் நிறுவனம் முடிவை விரிவாக்கி வெளியிட வேண்டியிருந்தது. ஸ்கைரிமில் வேலைகள் தானாகவே முளைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் எந்த ஊர்க் காவலனைப் பார்த்தாலும் முழங்காலில் அம்பு பட்ட கதையைத்தான் சொல்வான். வேறு பல மேற்கத்திய கேம்களிலும் வரைபடம் முழுக்கக் குறிகள், ஏறிப் பார்க்கக் கோபுரங்கள், குகைக்குள் போய் எடுத்துவர ஒரு பொருள். ஊசிப்போவதைப் பற்றிப் பேசுவதென்றால் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 2024ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்திலும் அதே கோபுரங்களைப் பார்த்தபோது எனக்கு மெய்யாகவே வருத்தமாக இருந்தது. கடன் வாங்க எத்தனையோ நல்லவை இருக்க, இதையா வாங்கினார்கள்?

அவன் பக்கத்து நியாயங்களை நான் மறைக்கவில்லை. ஜப்பான் கேம்களில் பத்து மணி நேரம் பாடம் நடத்திவிட்டுத்தான் ஆட விடுகிறார்கள். பதினேழு வயதுப் பையன்களே மறுபடி மறுபடி உலகத்தைக் காப்பாற்றுகிறார்கள். பெண் பாத்திரங்களுக்கு மாட்டிவிடும் உடைகளைப் பார்த்து, அம்மா இருக்கும் அறையில் நான் திரையைத் திருப்பியதுண்டு. கூத்திலும் இப்படி உண்டு. மனமில்லாத ஒரு குழு வந்து, பாட்டை விழுங்கி, கோமாளிப் பேச்சால் நேரத்தை ஓட்டிவிட்டுப் போன இரவுகளை எங்கள் ஊர் பார்த்திருக்கிறது. மரபு இருந்தால் மட்டும் போதாது. அதற்குள் நிற்கிறவன் வியர்க்க வேண்டும்.

“உனக்குப் பிடித்ததிலேயே பெரிய கேம் எது?” என்று கேட்டேன். “எல்டன் ரிங்” என்றான் யோசிக்காமல். “அது டோக்கியோவில் செய்ததுதானே?” “அது வேறு, மாமா.” எப்படி வேறு என்று கேட்டதற்குத் தயங்கினான். எல்டன் ரிங்கை இயக்கிய ஹிடேதகா மியாசாகியின் கேம்களை நம் மனது ஜப்பான் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது; நல்லதை எல்லாம் அப்படிக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது பழையதாகத்தான் தெரியும். அந்த கேம் கதை சொல்லும் விதமும் எனக்கு நம் ஊரைத்தான் நினைவூட்டும். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றனவே, அவற்றில் இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்னான் தொறு மீட்டுப் பட்டான் (மாட்டு மந்தையை மீட்டு மாண்டான்) என்று சில வரிகள்தான் இருக்கும். எல்டன் ரிங்கில் கீழே கிடக்கும் ஒரு வாளை எடுத்தால் அப்படிச் சில வரிகள்தான் கிடைக்கும். மீதிப் போரையும் சாவையும் நாம்தான் மனதில் கட்டிக்கொள்ள வேண்டும். இதை அவன் ஒப்புக்கொண்டான். முந்தையதை ஒப்புக்கொள்ளவில்லை.

தெரிந்தவர்களின் அழுகை

அன்று கூத்தில் நடந்த இன்னொன்றை அவனிடம் சொல்லவில்லை. கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில் அத்தை முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அறுபத்தைந்து வயது. இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கணக்கே இல்லை. “என்ன ஆகும் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே அத்தை” என்றேன் மெதுவாக. “தெரிவதால்தான் கண்ணு அழுகை வருகிறது. தெரியாதவர்களுக்கு இது சண்டை” என்றார். பிறகு மறுபடி சபையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

ஏரிஸ் இறந்த மத்தியானத்தை அப்போது நினைத்துக்கொண்டேன். அவளைக் காப்பாற்ற எனக்கு ஒரு வழி கொடுத்திருந்தால் நான் காப்பாற்றியிருப்பேன். காப்பாற்றியிருந்தால் இருபது வருடம் கழித்து அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்றே தோன்றுகிறது. ஆனால் அக்கா மகன் கேட்பதும் அநியாயமில்லை. அவன் தலைமுறைக்கு அந்தக் கையறு நிலை வேறு வடிவத்தில் வர வேண்டியிருக்கலாம். 2025ல் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்துச் சிறிய நிறுவனம் ஒன்று கிளேர் ஓப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33 என்ற கேமை வெளியிட்டது. முறை வைத்த சண்டை. ஆனால் எதிரி அடிக்கும்போது தாளம் பார்த்து நாம் தடுக்க வேண்டும், ஆகவே யாரும் சும்மா நிற்பதில்லை. உலக வரைபடத்தில் ஆட்கள் மலையளவு பெரிதாக ஓடுகிறார்கள். ஃபைனல் ஃபேன்டஸி செய்யும் ஜப்பானின் பெரிய நிறுவனம் கூச்சப்பட்டு மடித்துவைத்த அந்தப் பழைய சுற்றை, பிரெஞ்சுக்காரர்கள் வெட்கமே இல்லாமல் சுற்றி வருகிறார்கள். அதை அக்கா மகனுக்குக் காட்டினேன். அரை மணி நேரம் ஆடிவிட்டு, “இது மேற்கத்திய கேம்தானே மாமா?” என்றான். இடத்தைக் கேட்டால் ஆமாம் என்றேன்.

படுகளம் முடிந்த மறுநாள் அதிகாலை ஓசூர் பஸ் ஏறினேன். மடியில் டிரெயில்ஸ் இன் தி ஸ்கை, 2004ல் ஜப்பானின் ஃபால்காம் நிறுவனம் செய்து, 2025ல் புதுப்பித்து வெளியிட்ட கதை. அதில் ரோலண்ட் என்று ஒரு சின்ன ஊர் வரும். கதையில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும், அந்த ஊரில் ஒவ்வொருவரும் பேசுவது மாறிவிடும். சுரங்கத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். அடுத்து எங்கே போக வேண்டும் என்று குறியும் காட்டுகிறது. ஆனால் கடைக்காரர் இப்போது என்ன சொல்கிறார், நேற்றுச் சண்டை போட்ட கணவன் மனைவி பேசிக்கொள்கிறார்களா என்று கேட்காமல் எப்படிப் போவது? வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். பஸ் ராயக்கோட்டையைத் தாண்டியபோது இன்னும் இரண்டு தெரு மீதியிருந்தது.